ஜிஏ4 கணக்கு உதைக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஒரு பக்கம் எடுபடவில்லை என்று தள வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (சுருக்கமாக ஜிஏ4) காட்டினால், உடனே தலைப்பை மாற்றவும் படத்தை மாற்றவும் பட்டனின் நிறத்தை மாற்றவும் இறங்கிவிடுகிறோம். பக்கத்தில் கை வைக்கும் முன் எண்ணிக்கை சரியாக நடக்கிறதா என்று பாருங்கள். இரட்டை எண்ணிக்கை, தொலைந்துபோன ஆர்டர், எங்கிருந்து வந்தார் என்று தெரியாத வாசகர் போன்ற விசித்திரங்களில் பலவற்றுக்குப் பக்கத்தின் தரத்தோடு சம்பந்தமே இருக்காது.

வேர்ட்பிரஸில் ஓடும் ஒரு சிறு கடைத் தளம், அல்லது தமிழ்க் கட்டுரைத் தளம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே கீழே எழுதியிருக்கிறது. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவு வாங்குவதை நிறுத்திவிட்டது. ஆனால் அந்தக் காலத்துக் குறிப்புகள் தேடலில் இன்னும் வருகின்றன. 'வியூ', 'கோல்' என்று பேசும் வழிமுறை கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். அது வேறு கருவிக்கானது.

எதற்கும் முன் இந்த ஒரு சோதனை

கணினியில் குரோமின் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். 'நெட்வொர்க்' பகுதிக்குப் போய், வடிகட்டும் பெட்டியில் 'கலெக்ட்' என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். ஜிஏ4-க்குப் போகும் ஒவ்வொரு தகவலும் ஒரு வரியாக வரும். வரியைச் சொடுக்கி 'பேலோட்' பகுதியைப் பார்த்தால், 'டிஐடி' என்ற இடத்தில் 'ஜி-' என்று தொடங்கும் உங்கள் மெஷர்மென்ட் ஐடியும் (தளத்தின் அடையாளக் குறி), 'இஎன்' என்ற இடத்தில் நிகழ்வின் (பக்கம் திறப்பது, சொடுக்குவது போன்ற ஒரு செயலின்) பெயரும் இருக்கும். பதில் குறியீடு 204 என்றால் கூகுள் வாங்கிக்கொண்டது.

ஒரு பக்கம் திறந்தால் 'பேஜ்_வியூ' ஒரே ஒரு முறை போக வேண்டும். போகவில்லையா, இரண்டு முறை போகிறதா, வேறு ஐடிக்குப் போகிறதா என்ற மூன்று கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. சில நிகழ்வுகளை ஜிஏ4 மூட்டையாகக் கட்டி ஒரே வரியில் அனுப்பும் என்பதால், வரிகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் உள்ளேயும் பாருங்கள்.

அறிகுறி: எண் சுழியம், அல்லது திடீரென்று பள்ளம்

முதலில் 'ரியல்டைம்' அறிக்கையைப் பாருங்கள். அது கடைசி 30 நிமிடத்தைக் காட்டும். அங்கே ஆள் தெரிந்து, மற்ற அறிக்கைகள் மட்டும் காலியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். தரவு முழுதாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகும். நேற்றைய எண்ணை இன்று காலை பார்த்து வருத்தப்படுவதில் பொருளில்லை.

ரியல்டைமும் காலி, 'கலெக்ட்' வரியும் வரவில்லை என்றால் அனலிட்டிக்ஸ் நிரல் பக்கத்தில் இல்லை. தீமின் ஹெடர் கோப்பில் கையால் ஒட்டிய நிரல், தீமை அப்டேட் செய்ததும் அழிந்துபோயிருக்கும். மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை வைக்கும் சைல்டு தீமிலோ, நிரல்களைத் தளத்தில் ஏற்றும் கூகுள் கருவியான டேக் மேனேஜர் வழியாகவோ, அதற்கென்று உள்ள பிளகின் வழியாகவோ வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. வரி வந்து சிவப்பாகத் தெரிந்தால் உங்கள் உலாவியில் உள்ள விளம்பரத் தடுப்பான் தடுக்கிறது, அல்லது தளத்தின் பாதுகாப்புக் கொள்கை கூகுளின் முகவரியை அனுமதிக்கவில்லை. 'கன்சோல்' பகுதியில் வரும் செய்தி எது என்று சொல்லிவிடும்.

வரி சரியாகப் போகிறது, ரியல்டைமில் மட்டும் வரவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். முதலாவது ஐடி: தகவல் தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் பிராப்பர்ட்டிக்கு (அவர் கணக்கில் தரவு சேரும் இடத்துக்கு) போய்க்கொண்டிருக்கலாம். இரண்டாவது, 'டேட்டா ஃபில்டர்ஸ்' பகுதியில், உங்கள் சொந்த வருகைகளை ஒதுக்குவதற்கென்று உள்ள இன்டர்னல் டிராஃபிக் வடிகட்டி. அது 'ஆக்டிவ்' நிலையில் இருந்து உங்கள் ஐபி அதில் சிக்கினால் நீங்கள் கணக்கில் வரமாட்டீர்கள். வடிகட்டி ஒருமுறை தள்ளிய தரவு திரும்ப வராது. ஆகவே 'டெஸ்டிங்' நிலையில் சில நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே ஆக்டிவ் ஆக்குங்கள். வீட்டு பிராட்பேண்டின் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால், இன்று உங்களுடையது நாளை ஒரு வாசகருடையதாக ஆகிவிடும் வாய்ப்பும் உண்டு. மூன்றாவது, குக்கி ஒப்புதல் பேனர். பேலோடில் 'ஜிசிஎஸ்' என்ற இடத்தில் ஜி111 இருந்தால் ஒப்புதல் உண்டு. ஜி100 என்றால் மறுப்பு. பேனரைத் தவறாக அமைத்து எல்லோருக்கும் ஜி100 போனால், தகவல் போய்க்கொண்டே இருக்கும், அறிக்கையில் மட்டும் ஆளே இருக்காது.

சுழியம் இல்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே வாரத்தில் கேஷ் பிளகினில் வேகத்துக்காக ஏதோ ஒன்றை ஆன் செய்தீர்கள். அப்படியென்றால் அந்த 'டிலே ஜாவாஸ்கிரிப்ட்' வசதியைச் சந்தேகியுங்கள். வாசகர் திரையைத் தொடும்வரை எந்த நிரலையும் ஓடவிடாமல் அது நிறுத்திவைக்கிறது. வந்து பார்த்து, தொடாமலே போனவர் எண்ணப்படுவதே இல்லை. அனலிட்டிக்ஸ் நிரலை அதன் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: பக்கப் பார்வை இரட்டிப்பு, எங்கேஜ்மென்ட் ரேட் 95 சதவீதத்துக்கு மேல்

ஆட்களின் எண்ணிக்கை அப்படியே இருக்க, பார்வை மட்டும் இரண்டு மடங்கானால் மகிழ வேண்டாம். ஒரே ஐடி இரண்டு வழியாக ஏறியிருக்கிறது. தீமில் ஒன்று, பிளகினில் ஒன்று, அல்லது பிளகினில் ஒன்று, டேக் மேனேஜரில் ஒன்று.

எங்கேஜ்மென்ட் ரேட் ஏன் எகிறுகிறது? ஒரு செஷன் (ஒருவரின் ஒரு வருகை) 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, அதில் ஒரு கீ ஈவென்ட் (முக்கியம் என்று நீங்கள் குறித்த நிகழ்வு) நடந்தாலோ, இரண்டு பக்கப் பார்வை இருந்தாலோ ஜிஏ4 அதை 'எங்கேஜ்டு' என்று எண்ணும். பவுன்ஸ் ரேட் என்பது இதன் எதிர்ப்பக்கம் மட்டுமே. ஒரே பக்கத்துக்கு இரண்டு பேஜ்_வியூ போனால் மூன்றாவது நிபந்தனை தானாக நிறைவேறிவிடும். வந்தவுடன் ஓடிப்போனவரும் ஆர்வமுள்ள வாசகர் ஆகிவிடுவார். எனவே 95, 98 என்ற எண்ணைக் கண்டால் நெட்வொர்க் சோதனைக்குப் போய், இரண்டு வழியில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை வைப்பது என்று குழப்பம் இருந்தால் டேக் மேனேஜரை வையுங்கள். பின்னால் வரும் வேலைகளுக்கு அது வேண்டும்.

நிரல் ஒன்றுதான், ஆனாலும் இரட்டிப்பு என்றால் காரணம் வேறு. 'என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்' பகுதியில், உலாவியின் ஹிஸ்டரி மாறும்போதும் பக்கப் பார்வை எண்ணும் வசதி இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். ரியாக்ட் போன்றவற்றில் கட்டிய ஒற்றைப்பக்கத் தளத்தில் டெவலப்பரும் தன் பங்குக்குப் பேஜ்_வியூ அனுப்பினால் இரண்டு ஆகும். அட்மின் > டேட்டா ஸ்ட்ரீம்ஸ் > உங்கள் ஸ்ட்ரீம் > பல்சக்கரக் குறி > பேஜ் வியூஸின் கீழுள்ள அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்று போய் அந்தத் தேர்வை மட்டும் நீக்குங்கள்.

செய்தித் தளங்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. கட்டுரை முடிந்ததும் அடுத்த கட்டுரை கீழே தானாக ஏறி, முகவரிப் பட்டையும் மாறும் அமைப்பில், உருட்டிக்கொண்டே போகிறவர் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பார்வை தருவார். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வசதியை வைத்த மாதத்தையும் அதற்கு முந்தைய மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்ச்சி என்று காட்டினால் அது பொய்க்கணக்கு.

அறிகுறி: 'டைரக்ட்' ஏறிக்கொண்டே போகிறது

முகவரியைக் கையால் தட்டி வருகிறவர்கள் மட்டும் டைரக்ட் அல்ல. எங்கிருந்து வந்தார் என்ற தகவல் இல்லாத எல்லோரும் அந்தச் சாக்கில்தான் விழுவார்கள். நம் ஊர்த் தளங்களில் அதில் பெரும் பங்கு வாட்ஸ்அப். ஆப்பிலிருந்து திறக்கும் இணைப்பு, அனுப்பிய இடம் எது என்ற விவரத்தைப் பெரும்பாலும் கொண்டுவருவதில்லை. எண் நிறைந்த முகவரியை யாரும் தட்டி வரமாட்டார்கள் அல்லவா? நீளமான கட்டுரை முகவரிகள் டைரக்டில் குவிந்தால் அது பகிர்வுதான்.

நீங்களே அனுப்பும் இணைப்புகளுக்கு யூடிஎம் (எங்கிருந்து வந்தது என்று சொல்ல முகவரியின் பின்னால் ஒட்டும் வால்) சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். சோர்ஸ் என்ற இடத்தில் வாட்ஸ்அப், மீடியம் என்ற இடத்தில் சோஷியல், கேம்பெய்ன் என்ற இடத்தில் ஆடித்தள்ளுபடி என்பது போல ஒரு பெயர். மூன்றையும் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். பெரிய எழுத்தில் ஒருவரும் சிறிய எழுத்தில் இன்னொருவரும் எழுதினால் ஜிஏ4 இரண்டு தனி வரியாக்கும். மீடியத்தில் சொந்தக் கற்பனையைக் காட்டி 'குரூப்', 'ஃபார்வர்டு' என்றெல்லாம் எழுதினால், எந்த சேனலிலும் சேராமல் 'அன்அசைன்டு' என்று நிற்கக்கூடும்.

யூடிஎம் போட்டும் டைரக்ட் என்றே வந்தால், அந்த இணைப்பை முகவரிப் பட்டையில் ஒட்டித் திறந்து, பக்கம் முழுதாக ஏறிய பிறகு யூடிஎம் இன்னும் முகவரியில் இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத முகவரியிலிருந்து உள்ள முகவரிக்கோ, மொபைல் பக்கத்துக்கோ திருப்பிவிடும்போது வால் அறுந்துவிடுவது வழக்கம். திருப்பும் விதியைச் சரிசெய்ய வேண்டும். அனலிட்டிக்ஸில் செய்ய ஒன்றுமில்லை.

தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பில் யூடிஎம் போடாதீர்கள். பேனரைச் சொடுக்கினார்களா என்று அறிய ஆசைப்பட்டுச் செய்யும் வேலை இது. ஆர்டர் எந்த வழியாக வந்தது என்ற கணக்கு இதனால் கலங்கிவிடும்.

அறிகுறி: பணம் வந்திருக்கிறது, ஜிஏ4-இல் ஆர்டர் இல்லை

கடைத் தளங்களில் அதிகம் குழப்புவது இதுதான். வங்கிக் கணக்கில் 40 ஆர்டர், அனலிட்டிக்ஸில் 31 என்ற மாதிரி. வழக்கமான அமைப்பில் 'பர்ச்சேஸ்' நிகழ்வு, 'நன்றி' பக்கம் ஏறும்போது உலாவியிலிருந்து போகிறது. போனில் வாங்குகிறவர் உலாவியிலிருந்து யூபிஐ ஆப்புக்குத் தாவுகிறார், பின் நம்பரைப் போடுகிறார், பச்சை டிக் வந்ததும் போனைப் பையில் வைத்துவிடுகிறார். உலாவிக்குத் திரும்பவே இல்லை. நன்றி பக்கம் ஏறவில்லை, பர்ச்சேஸும் போகவில்லை. பணம் மட்டும் பேமென்ட் கேட்வே (கட்டணத்தை வாங்கித் தரும் சேவை) வழியாகச் சேர்ந்துவிட்டது.

இது உங்கள் தளத்தில் நடக்கிறதா என்று அறிய, விடுபட்ட ஆர்டர்களைக் கட்டண முறை வாரியாகப் பிரியுங்கள். கார்டில் விடுபடாமல் யூபிஐயில் மட்டும் விடுபட்டால் காரணம் இதுதான். இரண்டிலும் ஒரே அளவில் விடுபட்டால் விளம்பரத் தடுப்பானோ நிரல் கோளாறோ.

தீர்வு சர்வர் பக்கம் இருக்கிறது. பணம் வந்ததும் கேட்வே உங்கள் சர்வருக்கு ஒரு வெப்ஹுக் (தானாக வரும் அறிவிப்பு) அனுப்பும். அதை வாங்கிய இடத்திலிருந்து 'மெஷர்மென்ட் புரோட்டோகால்' (சர்வரிலிருந்து நேரே ஜிஏ4-க்கு அனுப்பும் முறை) வழியாக பர்ச்சேஸை அனுப்புங்கள். இதற்கு டேட்டா ஸ்ட்ரீமில் உருவாக்கும் ஏபிஐ சீக்ரெட் என்ற ரகசியக் குறி வேண்டும். அதைவிட முக்கியம், வாங்குகிறவரின் கிளையண்ட் ஐடியையும் (அவர் உலாவிக்கு ஜிஏ4 தரும் அடையாளம்) செஷன் ஐடியையும் ஆர்டர் போடும் நேரத்திலேயே குக்கியிலிருந்து எடுத்து ஆர்டரோடு சேமித்து வைப்பது. அவை இல்லாமல் அனுப்பினால் விற்பனை மட்டும் பதிவாகி, எந்த விளம்பரம் கொண்டுவந்தது என்பது காணாமல் போகும். நிகழ்வை 72 மணி நேரம் வரை பின்தேதியிட்டு அனுப்பலாம், அதைத் தாண்டினால் முடியாது.

ஒரே ஆர்டரை உலாவியும் சர்வரும் அனுப்பினால் இரண்டாகாதா? 'டிரான்சாக்‌ஷன்_ஐடி' ஒன்றாக இருந்து, ஆளும் ஒருவர்தான் என்று தெரிந்தால் ஜிஏ4 ஒன்றைத் தள்ளிவிடும். நன்றி பக்கத்தை ரீலோட் செய்தால் ஆர்டர் கூடுகிறது என்ற புகாருக்கும் மருந்து இந்த ஐடிதான். ஆனால் அந்த இடத்தை வெற்றாக அனுப்பிவிடாதீர்கள். வெற்று ஐடி உள்ள பர்ச்சேஸ்களையெல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும். தொகை மட்டும் சுழியமாக நின்றால் 'கரன்சி' விடுபட்டிருக்கும். மதிப்பை அனுப்பினால் ஐஎன்ஆர் என்று நாணயத்தையும் அனுப்ப வேண்டும்.

ஆர்டரெல்லாம் பேமென்ட் கேட்வேயின் பெயரில் 'ரெஃபரல்' (வேறு தளம் அனுப்பிய வருகை) என்று வந்தால் வேலை சுலபம். அட்மின் > டேட்டா ஸ்ட்ரீம்ஸ் > கான்ஃபிகர் டேக் செட்டிங்ஸ் > ஷோ மோர் > லிஸ்ட் அன்வான்டட் ரெஃபரல்ஸ் என்று போய் கேட்வேயின் டொமைனைச் சேருங்கள். பழைய தரவு மாறாது. இனி வருவது சரியாகும்.

வாட்ஸ்அப்பிலும் போனிலும் ஆர்டர் எடுக்கும் கடைகளுக்கு வேறு கணக்கு. வாட்ஸ்அப் பட்டன் வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பு என்பதால், ஜிஏ4 அதைத் தானாகவே 'கிளிக்' நிகழ்வாகப் பிடித்து வைத்திருக்கும். 'கிரியேட் ஈவென்ட்' வசதியில், நிகழ்வு 'கிளிக்', லிங்க் டொமைன் வாட்ஸ்அப்பின் குறுமுகவரி என்று இரண்டு நிபந்தனை வைத்துப் புதிய நிகழ்வு உண்டாக்கி, அதைக் கீ ஈவென்ட் ஆக்குங்கள். எண்ணும் முறையில் செஷனுக்கு ஒரு முறை என்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டனை இரண்டு மூன்று முறை தட்டும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. போன் எண் இணைப்பு இப்படித் தானாக எண்ணப்படாது. டேக் மேனேஜரில், 'டெல்' என்ற முன்னொட்டோடு தொடங்கும் இணைப்பைச் சொடுக்கினால் ஓடும் டிரிகர் ஒன்று வைக்க வேண்டும்.

அறிகுறி: ஆள் வருகிறார்கள், படிப்பதாகத் தெரியவில்லை

'ஆவரேஜ் எங்கேஜ்மென்ட் டைம்' என்பது பக்கம் திரையில் முன்னால் இருந்த நேரம். வேறு டேபுக்குப் போனால் கடிகாரம் நிற்கும். ஆகவே இந்த எண் பழைய அனலிட்டிக்ஸின் நேரத்தைவிட நம்பகமானது. அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். இரண்டும் வேறு அளவுகோல்.

குறைவான நேரம் எப்போதும் கெட்ட செய்தியும் இல்லை. ராகுகாலம், பஸ் நேரம், கடையின் போன் எண் இவற்றுக்காக வந்தவர் 20 விநாடியில் போனால் பக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. 1,500 சொல் கட்டுரையில் 20 விநாடி என்றால்தான் யோசிக்க வேண்டும்.

'ஸ்க்ரோல்' நிகழ்வு குறைவாக இருக்கிறது என்று கட்டுரையைக் குறை சொல்லும் முன், அது எப்போது பதிவாகிறது என்று பாருங்கள்: பக்கத்தின் உயரத்தில் 90 சதவீதத்தைத் தொடும்போது, ஒரே ஒரு முறை. கட்டுரையின் உயரம் அல்ல, பக்கத்தின் உயரம். கீழே 'இதையும் படியுங்கள்' 20 படங்கள், கருத்துப் பெட்டி, விளம்பரம், அடிக்குறிப்பு என்று நீண்டிருந்தால் கட்டுரையைக் கடைசி வரி வரை படித்தவரும் பாதி உயரத்தில்தான் இருப்பார். டேக் மேனேஜரில் 'எலிமென்ட் விசிபிலிட்டி' டிரிகர் எடுத்து, கட்டுரையின் கடைசிப் பத்திக்குக் கீழே ஒரு வெற்றுப் பெட்டி வைத்து, அது திரையில் தெரிந்தால் 'படித்து முடித்தார்' என்று ஒரு நிகழ்வு அனுப்புங்கள். அந்த எண்ணைப் பக்கப் பார்வையால் வகுத்தால் வருவதுதான் உண்மையான வாசிப்பு விகிதம். உருட்டி மட்டும் போனவரை ஒதுக்க, 30 விநாடிக்குப் பிறகு என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம்.

அறிகுறி: பக்கப் பட்டியலில் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரே குப்பை

தமிழ் முகவரி வைத்த தளங்களுக்கே உரிய தலைவலி. உலாவியின் பட்டையில் தமிழாகத் தெரியும் முகவரி, உள்ளே யூடிஎஃப்-8 குறியாக மாறித்தான் பயணம் செய்கிறது. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 'தீபாவளி' என்பது த, ஈகாரக் குறி, ப, துணைக்கால், வ, ள, இகரக் குறி என 7 குறிகள். 63 எழுத்து ஆகிறது.

வேர்ட்பிரஸ், தலைப்பிலிருந்து முகவரியை உண்டாக்கும்போது 200 எழுத்தோடு வெட்டிவிடும். 'தீபாவளி பலகாரம் செய்வது எப்படி' என்ற தலைப்பை எடுங்கள். முதல் மூன்று சொல்லும் தலா 63, இடையில் இரண்டு கோடு: 191. அடுத்த கோட்டோடு 192. மிச்சம் 8 எழுத்துக்குத்தான் இடம், 'எ'வுக்கு 9 வேண்டும். 'எப்படி' விழுந்துவிடுகிறது. இதே மூன்று சொல்லில் தொடங்கும் இன்னொரு கட்டுரை போட்டால் அதன் முகவரி அதே மூன்று சொல்லும் ஒரு '2'-உம். ஆறு மாதம் கழித்து அறிக்கையில் இரண்டு வரியைப் பார்க்கும்போது எது எந்தக் கட்டுரை என்று தெரியாது.

முகவரியைக் கஸ்டம் பாராமீட்டராக (நிகழ்வோடு நீங்களே சேர்க்கும் கூடுதல் விவரமாக) அனுப்பினால் நிலைமை இன்னும் மோசம். பாராமீட்டரின் மதிப்பு 100 எழுத்தோடு நின்றுவிடும். 11 தமிழ்க் குறிக்கு மேல் தாங்காது. பக்கத்தின் முழு முகவரிக்கு மட்டும் 1,000 எழுத்து வரை இடம் உண்டு.

'பேஜ் டைட்டில்' வைத்துப் பார்க்கலாமே என்றால், பார்க்கலாம், தமிழிலேயே தெரியும். ஆனால் தலைப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அது புது வரி. ஒரே கட்டுரையின் கணக்கு இரண்டாகப் பிளந்துவிடும். சரியான வழி, கட்டுரையின் எண்ணை ஒவ்வொரு பேஜ்_வியூவோடும் அனுப்பி, கஸ்டம் டிஃபினிஷன்ஸில் ஈவென்ட் அளவில் ஒரு டைமென்ஷனாக (அறிக்கையைப் பிரித்துப் பார்க்க உதவும் வகையாக) பதிவது. பதிந்த நாளிலிருந்துதான் தரவு சேரும், முந்தையது வராது. ஒரு நாளில் 500-க்கு மேல் வெவ்வேறு எண்கள் வரும் பெரிய தளமானால் இது 'அதர்' என்ற வரியில் பலதையும் கொட்டும் அபாயம் உண்டு. அவர்களுக்குக் கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிதான் இடம். சின்னத் தளத்துக்கு அந்தக் கவலை இல்லை. பழைய கட்டுரைகளின் முகவரியை இப்போது மாற்ற இறங்காதீர்கள். இனி எழுதுவதற்கு மட்டும் நான்கைந்து ஆங்கிலச் சொல்லில் குட்டையாக முகவரி வையுங்கள்.

'லேண்டிங் பேஜ்' அறிக்கையில் 'நாட் செட்' என்று ஒரு வரி வருவது வேறு விஷயம். டேபைத் திறந்தபடி விட்டுவிட்டு 30 நிமிடத்துக்குப் பிறகு வந்து உருட்டுகிறார்; புதிய செஷன் தொடங்குகிறது, பக்கம் புதிதாக ஏறாததால் பேஜ்_வியூ இல்லை. கொஞ்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பெருகினால், பேஜ்_வியூவுக்கு முன்பே வேறு நிகழ்வு போகிறதா என்று டேக் மேனேஜரில் டிரிகர்களின் வரிசையைப் பாருங்கள்.

அறிகுறி: ஒரே ஊரிலிருந்து திடீர்க் கூட்டம்

தெரிந்த பாட்களை (மனிதர் போலத் தளத்தைத் திறக்கும் நிரல்களை) ஜிஏ4 தானே ஒதுக்கிவிடும். தெரியாதவை உள்ளே வரும். டைரக்ட், எங்கேஜ்மென்ட் நேரம் சுழியத்தை ஒட்டி, ஒரே திரை அளவு, ஒரே உலாவிப் பதிப்பு, இரவு பகல் வித்தியாசமில்லாத ஓட்டம் என்ற ஐந்தும் சேர்ந்தால் அது மனிதக் கூட்டம் இல்லை.

சிங்கப்பூர் என்று வந்தால் தமிழ்த் தளங்கள் அவசரப்படக் கூடாது. அங்கே டேட்டா சென்டரும் அதிகம், நம் வாசகரும் உண்டு. நாட்டையே தடுத்தால் உண்மையான வாசகரும் போவார்கள். மணிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். மனிதர்கள் அந்த ஊர் நேரத்தில் இரவு 2 மணிக்குக் குறைவார்கள். பிறகு சர்வர் லாகை (சர்வரின் வருகைப் பதிவேட்டை) எடுத்து அதே நேரத்தில் அத்தனை வருகை உண்டா என்று ஒப்பிடுங்கள். லாகில் இருந்தால் ஃபயர்வாலில் தடுக்கலாம். லாகில் இல்லாமல் ஜிஏ4-இல் மட்டும் இருந்தால், தளத்துக்கு வராமலே உங்கள் ஐடிக்குத் தகவல் அனுப்புகிறார்கள், ஃபயர்வாலால் பயனில்லை. ஜிஏ4-இன் டேட்டா ஃபில்டரில் நாட்டை வைத்து வடிகட்டவும் முடியாது. 'எக்ஸ்ப்ளோர்' பகுதியில் ஒரு செக்மென்ட் போட்டு அவர்களை ஒதுக்கிப் பார்ப்பதே வழி.

எக்ஸ்ப்ளோரில் போன வருடத் தரவு இல்லை என்றால் அது இயல்பமைப்பு. தரவைச் சேமிக்கும் காலம் 2 மாதம் என்றே இருக்கும். அட்மினில் 'டேட்டா ரிடென்ஷன்' போய் 14 மாதம் ஆக்குங்கள். தளம் தொடங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

அறிகுறி: சர்ச் கன்சோல் ஒன்று சொல்கிறது, ஜிஏ4 ஒன்று சொல்கிறது

இரண்டும் ஒத்துப்போகவே போகாது. கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோல் கிளிக்கை எண்ணுகிறது, ஜிஏ4 செஷனை. ஒருவர் தேடலிலிருந்து இரண்டு முறை சொடுக்கினால் அங்கே 2, இங்கே 1 ஆகலாம். நாள் கணக்கும் வேறு: சர்ச் கன்சோலின் நாள் அமெரிக்கப் பசிபிக் நேரப்படி. ஜனவரியில் நமக்கும் அதற்கும் 13.30 மணி நேர வித்தியாசம். பொங்கலன்று காலை வரும் கிளிக்கெல்லாம், நம் நேரம் மதியம் 1.30 வரை, அங்கே போகிக் கணக்கில் விழும். நாள்வாரியாக ஒப்பிடாமல் மாதவாரியாக ஒப்பிடுங்கள். இடைவெளி நிலையாக இருக்கும்வரை கவலையில்லை. திடீரென விரிந்தால் நிரல் எங்கோ அறுந்திருக்கிறது. மேலே உள்ள முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: பேஜ்ஸ்பீடில் 95 மதிப்பெண், ஆனாலும் பக்கம் மெதுவு என்று புகார்

கூகுளின் வேகச் சோதனைப் பக்கமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் கீழே வரும் பெரிய வட்ட மதிப்பெண், கூகுளின் சோதனைக் கருவி ஒரே ஒரு முறை திறந்து பார்த்த முடிவு. மேலே வரும் பகுதிதான் உண்மையான குரோம் வாசகர்களின் கடந்த 28 நாள் அனுபவம். எல்சிபி (திரையின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள், ஐஎன்பி (தட்டினால் பக்கம் பதில் தர ஆகும் நேரம்) 200 மில்லிவிநாடிக்குள், சிஎல்எஸ் (பக்கம் குதிக்கும் அளவு) 0.1-க்குள், மூன்றும் நூற்றில் 75 பேருக்காவது கிடைக்க வேண்டும். ஐஎன்பி 2024 மார்ச்சில்தான் எஃப்ஐடி என்ற பழைய அளவின் இடத்துக்கு வந்தது.

சின்னத் தளத்துக்கு மேல் பகுதி காலியாக இருக்கும். போதிய வாசகர் இல்லை. ஜிஏ4-இலும் பழைய அனலிட்டிக்ஸில் இருந்த 'சைட் ஸ்பீட்' அறிக்கை இல்லை. கூகுளின் 'வெப்-வைட்டல்ஸ்' என்ற சிறு நிரலை வைத்து நீங்களே அனுப்பிக்கொள்ள வேண்டும். பலர் மில்லிவிநாடியை மட்டும் அனுப்பி, சராசரி பார்த்து ஏமாறுகிறார்கள். நான்கு பேருக்கு 12 விநாடி ஆனால் சராசரி கெட்டுவிடும். அந்த நிரல் ஒவ்வொரு அளவோடும் நல்லது, திருத்த வேண்டியது, மோசம் என்று ஒரு தரமும் தரும். அதை 'ரேட்டிங்' என்ற பாராமீட்டராக அனுப்பி, டைமென்ஷனாகப் பதிந்து, பக்கவாரியாக 'நல்லது' எத்தனை பங்கு என்று பாருங்கள். 75 சதவீதத்துக்கு மேல் என்றால் அந்தப் பக்கம் தேர்ச்சி. பிக்குவெரியும் வேண்டாம், சூத்திரமும் வேண்டாம்.

எல்சிபி மோசமானால், முதலில் தெரியும் பெரிய படத்துக்கு 'லேசி லோடு' (படத்தைத் தாமதித்து ஏற்றும் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிளகின்கள் எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடும். அந்த ஒரு படத்தை விலக்கினாலே பெரிய மாற்றம் தெரியும். சிஎல்எஸ் மோசமானால் இரண்டு இடம். ஒன்று எழுத்துரு: போனில் உள்ள தமிழ் எழுத்துருவில் முதலில் தெரிந்து, பிறகு உங்கள் வெப் எழுத்துரு ஏறும்போது எழுத்தின் அகலமும் வரி உயரமும் மாறி, பத்தியே இரண்டு வரி கீழே தள்ளப்படும். உடல் எழுத்துக்குப் போனில் இருப்பதையே விட்டு, தலைப்புக்கு மட்டும் வெப் எழுத்துரு வைத்தால் குதிப்பு பெரிதும் அடங்கும். இரண்டாவது விளம்பரப் பெட்டி: உயரம் குறிக்காமல் விட்டால், விளம்பரம் வரும் நொடியில் கட்டுரை கீழே குதிக்கும். 300க்கு 250 விளம்பரம் வரும் இடத்தில் குறைந்தபட்ச உயரம் 250 பிக்சல் என்று ஒதுக்கிவையுங்கள். விளம்பரம் வராத நாளில் வெற்றிடம் தெரியும். படித்துக்கொண்டிருந்த வரி கையை விட்டுப் போவதற்கு அது மேல்.